தென்கிழக்கு ஆசியாவில் 10 நாடுகளா, 11 நாடுகளா? இந்தியாவும் அதில் உண்டா?

கேள்வி இது: ஒரு புத்தகத்தில் 10 நாடுகள் என்று இருக்கிறது, இன்னொன்றில் 11. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பட்டியலிலோ இந்தியாவே இருக்கிறது. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். யாருடைய கணக்கில் என்று கேட்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டையில் மாலை வேளையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் என் மாணவி ஒருத்தி 11 என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். விடைக்குறிப்பில் 10. அதைத் தயாரித்தவர் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பினர்களை எண்ணிவிட்டு, நிலப்பகுதிக்கும் அதே எண்ணைப் போட்டிருந்தார். சங்கத்தில் சேராதவன் தெருவிலேயே குடியிருக்கவில்லை என்று சொல்வது போல!

ஐ.நா.வின் புள்ளியியல் பிரிவு ஆசியாவை ஐந்தாகப் பிரிக்கிறது: கிழக்கு, தெற்கு, தென்கிழக்கு, மத்திய, மேற்கு. அதில் தென்கிழக்கு ஆசியா என்பது மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருனே, பிலிப்பைன்ஸ், கிழக்குத் திமோர் ஆகிய 11. இது கணக்கெடுக்கும் வசதிக்கான பிரிவு மட்டுமே, அரசியல் அர்த்தம் எதுவும் கிடையாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாட்டை இரண்டாக வெட்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால்தான் சைபீரியா உட்பட ரஷ்யா முழுவதும் அவர்கள் கணக்கில் கிழக்கு ஐரோப்பா.

ஆசியான் 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஐந்து நாடுகளோடு தொடங்கியது. 1999இல் கம்போடியா சேர்ந்தபோது பத்து ஆனது. கிழக்குத் திமோர் 2002இல்தான் சுதந்திர நாடு; ஆசியானில் அதற்கு இடம் கிடைத்தது 2025 அக்டோபரில். ஆகவே பழைய புத்தகத்தின் 10, ஆசியான் கணக்கில் அச்சான அன்று பிழையில்லை. சுகாதார நிறுவனத்தின் பிரிவு இன்னும் வேடிக்கை. அதன் தென்கிழக்கு ஆசிய அலுவலகம் புது தில்லியில் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் வட கொரியாவும் அதில் அடக்கம். வியட்நாமும் மலேசியாவும் மணிலாவிலிருந்து நடக்கும் மேற்குப் பசிபிக் பிரிவில். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். நிர்வாகத்தை எந்த அலுவலகம் பார்ப்பது என்ற ஏற்பாடு அது, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இந்தப் பெயரே பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1943இல் நேச நாடுகள் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை ஒன்றை அமைத்தன. அதன் தலைமையகம் முதலில் தில்லியில் இருந்தது, 1944இல் கண்டிக்குப் போனது. இன்று தென்கிழக்கு ஆசியா என்றால் முதலில் நினைவுக்கு வரும் நாடுகளில் ஒன்றான பிலிப்பைன்ஸ், அந்தப் படைத்தலைமையின் எல்லைக்குள் இல்லை. இலங்கை இருந்தது.

என் பாட்டி 1931இல் ரங்கூனில் பிறந்தார். அப்போது பர்மா (இன்றைய மியான்மர்), மதராஸ் மாகாணத்தைப் போலவே பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்த வருடக் கணக்கெடுப்பில் ரங்கூன்வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அங்கே போகிறவர்களை ‘அக்கரைக்குப் போயிருக்கிறார்’ என்பார்களாம். வெளிநாடு என்ற பேச்சே எழுந்ததில்லை என்பார் பாட்டி. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது. 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகள் அரசுடைமையாகி, குடும்பம் 1964இல் கப்பலேறி மதராஸ் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் ஒரு தகரப்பெட்டி. இன்றைய பாடப்புத்தகத்தின்படி பாட்டி தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தெற்கு ஆசியாவுக்கு வந்தவர். அவரைக் கேட்டால் ஊருக்குத் திரும்பினேன் என்பார்.

பர்மா பஜாருக்குப் பின்னால் இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையில் தள்ளுவண்டிகள் நிற்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்போடு அத்தோ தருவார்கள். அது எந்தப் பிராந்தியத்து உணவு என்று எந்தப் புள்ளியியல் பிரிவாலும் சொல்ல முடியாது.

இயற்கையே ஏதாவது கோடு போட்டிருக்கிறதா என்றால், ஒன்றிரண்டு இடங்களில் போட்டிருக்கிறது. ஆனால் அவை நாட்டு எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றுக்கு இடையிலுள்ள கடல் ஆழம் குறைந்தது. பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது அது தரையாகக் கிடந்தது. புலியும் யானையும் ஆசியாவிலிருந்து நடந்தே வந்தன. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே உள்ள நீரிணை சுமார் 35 கிலோமீட்டர் அகலம்தான், ஆனால் ஆழமானது. அதைத் தாண்டினால் ஆஸ்திரேலியச் சாயல் கொண்ட பறவைகள் தென்படத் தொடங்குகின்றன. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வாலஸ் 19ஆம் நூற்றாண்டில் கண்டு சொன்ன கோடு இது. அது இந்தோனேசியாவின் நடுவிலேயே ஓடுகிறது. இன்னும் கிழக்கே அதே நாட்டின் பப்புவா, நியூ கினித் தீவின் மேற்குப் பாதி. தீவு, பசிபிக் தீவுகளின் பிராந்தியமான ஓசியானியாவைச் சேர்ந்தது என்பார்கள், பட்டியலில் பாதித் தீவு மட்டும் ஆசியா.

நம் பக்கத்திலும் இந்தக் கூத்து உண்டு. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை சென்னையிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். சுமத்ராவோ அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். இருந்தும் அது தெற்கு ஆசியா, ஏனென்றால் இந்தியாவை வெட்டக் கூடாது.

மக்கள்தொகைக்கு வருகிறேன். 11 நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 69 கோடிப் பேர். இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 28 கோடி. அதிலும் பாதிக்கு மேல் ஜாவா என்ற ஒரே தீவில். ஜாவாவின் பரப்பளவு கிட்டத்தட்ட தமிழ்நாட்டின் பரப்பளவேதான், சுமார் 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.2 கோடிப் பேர். 2020 கணக்கெடுப்பில் ஜாவாவில் 15 கோடிக்கு மேல். நம் ஊர் மின்சார ரயிலின் காலை நேரக் கூட்டத்தை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். மறுபக்கம் புருனே: மொத்தமே ஐந்து லட்சத்தை எட்டாது, 2011இல் சென்னை மாவட்டத்தில் இருந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுமே பட்டியலில் ஒவ்வொரு வரிதான். அதனால் நாடுகளின் எண்ணிக்கையை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கடல் இல்லாத ஒரே நாடு லாவோஸ் என்பதும், மீகாங் ஆறு சீனாவில் பிறந்து மியான்மர், லாவோஸ், தாய்லாந்து எல்லைகளைத் தொட்டு, கம்போடியா வழியாக வியட்நாமில் கடலில் கலக்கிறது என்பதும் அதைவிட உருப்படியான தகவல்கள்.

தேர்வில் வந்தால் 11 என்று எழுதுங்கள், அடைப்புக்குறிக்குள் ஐ.நா. வகைப்பாடு என்று சேர்த்துவிடுங்கள். இப்போது ஆசியானும் 11 என்பதால் வம்பு குறைந்துவிட்டது. ஆனால் அதே வகைப்பாட்டில் தெற்கு ஆசியாவுக்கு 8 என்று எழுதிவிடாதீர்கள். 8 என்பது தெற்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் கணக்கு. ஐ.நா. கணக்கில் 9, ஈரானையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.