கொல்கத்தாவில் தனியாக நான்கு நாட்கள்: இருட்டிய பிறகு என்ன செய்வது?

கேள்வி: நான் பெண், வயது 46. மதுரையில் இருக்கிறேன். ஜனவரிக் கடைசியில் கொல்கத்தாவில் நான்கு நாட்கள் தனியாக இருக்கப்போகிறேன். பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. இருட்டியதும் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பேனோ என்றும் பயம். வங்காளம் தெரியாது, இந்தி அரைகுறை. எப்படித் திட்டம் போடுவது?

பதில்: முதலில் சூரியனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியில் கொல்கத்தாவில் மாலை ஐந்தேகால், ஐந்தரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் இருட்டியதும் அறைக்குத் திரும்பினால், தினமும் நான்கு மணி நேரம் வீணாகப் போய்விடும். அங்கே ஆறு மணி என்பது கடைத்தெரு களைகட்டும் நேரம். பெண்கள் அலுவலகம் முடிந்து ரோல் வாங்கித் தின்றுகொண்டு, புடவை பார்த்துக்கொண்டு, தெருவில்தான் இருப்பார்கள். இருட்டு வேறு, அகாலம் வேறு. அதனால் அதிகாலையும் மாலையும் வெளியே, நடுப்பகல் கூரைக்குக் கீழே என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு பேராகப் போனால் ஐந்து மணிக்கு எல்லாரையும் எழுப்பிக் கிளப்ப முடியாது. தனியாகப் போகிறவருக்கு அந்தக் கவலையே இல்லை.

தங்கும் இடம் சரியாக அமைந்தால் மாலைப் பயம் பாதி குறைந்துவிடும். அருங்காட்சியகத்தை ஒட்டிய சடர் தெருவில் மலிவான விடுதிகள் நிறைய உண்டு. ஆனால் உங்களுக்கு நான் பவானிபூர், காளிகாட், லேக் மார்க்கெட் பக்கத்தைத்தான் சொல்வேன். குடும்பங்கள் வாழும் பகுதி, மாலையில் ஆள் நடமாட்டம் குறையாது, மெட்ரோவும் அருகில். லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மல்லிகைச் சரமும் வாழையிலையும் ஃபில்டர் காபியும் அங்கே கிடைக்கும். ஒரு நாள் காலை இட்லி சாப்பிட்டால்தான் தெம்பு வரும் என்றால், தயங்காமல் போங்கள்.

ரயிலில் வருவதானால் எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌராவுக்குப் பதில் ஷாலிமாரில் முடிகிறது. ஹௌராவில் இறங்கினால் 2024இல் திறந்த மெட்ரோ ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடி உங்களை எஸ்பிளனேடில் விடும். அங்கே நீலப் பாதைக்கு மாறினால் காளிகாட் வரை நேராகப் போகலாம். பெட்டி கனமாக இருந்தால் ப்ரீபெய்ட் டாக்ஸி எடுங்கள்.

அதிகாலைக்கு முதல் இடம் மல்லிக் காட் பூச்சந்தை. ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. ஆறரைக்குப் போனால் செண்டுப்பூ மாலைகளைச் சுருள் சுருளாகத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், அங்கே அவசரம் அவர்களுக்குத்தான். பிறகு பாலத்தின் மேல் நடந்து அக்கரை போங்கள். 1943இல் திறந்த இந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண் கூடக் கிடையாது. நட்டு, போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. திரும்பும்போது ஹௌரா நிலையத்துக்கு எதிரே படகுத்துறையில் ஃபெரி ஏறுங்கள். சில ரூபாய்க்குப் பாலத்தையும் படித்துறைகளையும் ஆற்றிலிருந்தே பார்த்துவிடலாம். ஞாயிறன்று மட்டும் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். அன்று விடியலில் போவதென்றால் டாக்ஸிதான்.

இன்னொரு காலை, மண் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலிக்கு. சோபாபஜார் சுதானுட்டி மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். நீங்கள் போகும் சமயம் சரஸ்வதி பூஜையை ஒட்டி வருவதால், வைக்கோல் கட்டி ஆற்று மண் பூசிய சரஸ்வதிகள் சந்து முழுக்க நிற்கும். சில ஆண்டுகளில் பூஜை ஜனவரியிலேயே வந்துவிடும் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

நடுப்பகலில் இந்திய அருங்காட்சியகம். 1814இல் தொடங்கியது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் ஓய்ந்துவிடும். பார்ஹுத் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பௌத்த ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலி, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளோடு கண் மட்டத்திலேயே நிற்கிறது. கூட வந்தவர் “போகலாமா?” என்று கேட்காத இடத்தில்தான் அதைப் படித்துப் பார்க்க முடியும். இந்த அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அதனால் திங்களைக் காலேஜ் தெருவுக்கு ஒதுக்குங்கள். அங்கே ஞாயிறன்றுதான் பெரும்பாலான புத்தகக் கடைகள் அடைத்திருக்கும்.

சரி, சாப்பாட்டுக் கூச்சத்துக்கு வருவோம். தனியாகச் சாப்பிட இந்தியாவிலேயே கொல்கத்தாவைப் போல வசதியான ஊர் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். காலேஜ் தெரு காபி ஹவுஸில் ஒரு கறுப்புக் காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தனியே படிப்பவர்களும் உண்டு, ஆறு பேராகச் சேர்ந்து சத்தமாக வாதாடுபவர்களும் உண்டு. யாரும் யாரையும் எழுப்பிவிட மாட்டார்கள். கூட்டமாக இருந்தால் காலி நாற்காலியைக் காட்டிக் கேட்டுவிட்டு உட்காருங்கள், அது அங்கே வழக்கம்.

மதியச் சாப்பாட்டுக்கு ‘பைஸ் ஹோட்டல்’ என்ற பழைய வகை மெஸ்களைத் தேடிப் போங்கள். காலேஜ் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் அந்த வகைதான். சோறு, பருப்பு, கீரை, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இலைக்குக்கூடத் தனியாகக் காசு வாங்கும் இடங்கள் உண்டு. மேசை பொது. எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் அவரவர் தட்டு அவரவருக்கு. ஒருவருக்கு மட்டும் கொஞ்சமாக, நாலு விதமாகச் சாப்பிட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரு மணி நெரிசலுக்கு முன்பே போய்விடுங்கள். பரிமாறுபவரை ‘தாதா’ (வங்காளத்தில் அண்ணா) என்று கூப்பிட்டு, அடுத்த தட்டைக் காட்டிக் கேட்டாலும் போதும்.

மாலைக்கு ஜனவரி ஒரு வரம். லேக் மார்க்கெட்டிலிருந்து அதிக தூரமில்லாத நஸ்ருல் மஞ்ச் அரங்கில், பெரும்பாலும் 22ஆம் தேதியை ஒட்டி நான்கு இரவுகள் டோவர் லேன் இசை மாநாடு நடக்கும். 1952இல் தொடங்கிய இந்துஸ்தானி இசை விழா இது. சால்வையும் ஃபிளாஸ்க்குமாக விடிய விடியக் கேட்பவர்களில் உங்களைவிட மூத்த பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மொழி தெரியாதது அங்கே ஒரு குறையே இல்லை. நள்ளிரவில் எழுந்து வருவதைவிட விடியும்வரை இருந்துவிட்டு வெளிச்சத்தில் திரும்புவது நல்லது. ஜனவரிக் கடைசியில் சால்ட் லேக்கில் புத்தகக் கண்காட்சியும் தொடங்கும், கருணாமயி மெட்ரோ பக்கத்திலேயே. இரண்டின் தேதிகளையும் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். இவை எதுவும் இல்லாத மாலையில் ரவீந்திர சதன் மெட்ரோவில் இறங்கினால் நந்தன் திரையரங்கும் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் ஓவியக் கூடங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிப் பூசி மெழுக விரும்பவில்லை. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பிறகு, அந்த ஊர்ப் பெண்கள் ‘இரவு எங்களுடையது’ என்று நள்ளிரவில் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் தெருவில் நடங்கள். ஒன்பது மணிக்கு மேல், நகர நடுவிலுள்ள ‘மைதான்’ புல்வெளியையும் வெறிச்சோடிய படித்துறைகளையும் தவிர்த்துவிடுங்கள். கடைசி மெட்ரோ நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப் டாக்ஸியில் ஏறினால் பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். அவசரத்துக்கு 112. குறிப்பிட்ட வழியில் ஓடும் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டுதான் காலி என்றால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள், பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காளிகாட் கோயிலில் வழிகாட்டுவதாகச் சொல்லி ஆட்கள் கூடவே வருவார்கள். வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டு நேராக வரிசைக்குப் போங்கள்.

அப்புறம், குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் நோலன் குர் சந்தேஷ். ஈச்ச மரத்துப் பதநீரைக் காய்ச்சிய புது வெல்லத்தில் செய்வது. மென்மையான ‘நரம் பாக்’ வகையை வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், ரயிலில் தாங்காது. மதுரைக்குக் கொண்டுவர, கிளம்பும் நாளில் ‘கடா பாக்’ என்று கேட்டு வாங்குங்கள். அது கெட்டியாக இருக்கும், ரயில் பயணத்தைத் தாங்கும்.