விடுதிக்காரர் சொன்னது என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பழைய ஆங்கில நாவலை மொழிபெயர்த்து வருகிறேன். விடுதிக்காரர் ஒரு பெண் பயணியிடம், "காலை ஆறு மணிக்கு உங்களை 'நாக் அப்' (knock up) செய்கிறேன்" என்கிறார். அகராதியைத் திறந்தால் 'கர்ப்பமாக்குதல்' என்று இருக்கிறது. திகைத்துப்போனேன். ஒரே வினைக்கு இப்படியெல்லாம் பொருள் வருமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விடுதிக்காரர்மீது ஐயம் வேண்டாம். கதவைத் தட்டி எழுப்புகிறேன் என்றுதான் சொல்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இது நெடுநாள் வழக்கு. தொழிற்சாலை நகரங்களில் விடியலுக்கு முன் தொழிலாளர்களை எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'நாக்கர் அப்' என்று பெயர். நீண்ட கோலால் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்பவர் குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஊதி, ஜன்னல் கண்ணாடியில் படும்படி அடிப்பார். அவர் அப்படி ஊதும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

உங்களைத் திகைக்க வைத்த பொருள் அந்தக் கதவிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. 'நாக்' என்ற வினைக்கே உடலுறவைக் குறிக்கும் கொச்சைப் பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உண்டு. அமெரிக்கர்கள் காதில் முதலில் விழுவது இந்தப் பொருள்தான். அதை மொழிபெயர்க்க நேர்ந்தால் 'கர்ப்பமாக்கினான்' என்று எழுதாதீர்கள். தகவல் சரியாக இருக்கும், தொனி போய்விடும். பொறுப்பில்லாத ஆணைப் பற்றிய பேச்சு அது. 'வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டான்' என்றால் அந்தக் கசப்பு வரும்.

டென்னிஸில் ஆட்டத்துக்கு முன் பந்தை அடித்துப் பழகுவதும், இருப்பதை வைத்து அவசரமாகச் சமைப்பதும்கூட 'நாக் அப்' தான்.

'நாக்' என்பதற்கு நேரான நம் 'தட்டு' என்ற வினையை எண்ணிப் பாருங்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறோம், வேலையைத் தட்டிக் கழிக்கிறோம், குழந்தையைத் தட்டிக் கொடுக்கிறோம், பரிசைத் தட்டிச் செல்கிறோம். பேசி முடித்த வரன் தட்டிப் போகிறது. இவற்றில் தட்டுகிற கை எங்கே இருக்கிறது? குழந்தையின் முதுகில் மட்டும்தான். மற்றவற்றில் பக்கத்தில் வந்து நிற்கும் வினைதான் பொருளைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'அப்', 'ஆஃப்', 'அவுட்' போன்ற சிறு சொற்கள் செய்கின்றன. உங்கள் வாக்கியத்தில் 'அப்' எழுவதைக் குறிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அதே நாவலில் அந்தப் பெண், நெடுந்தூரம் பயணம் செய்துவிட்டு, தான் 'நாக்டு அப்' ஆகிவிட்டதாகச் சொல்லக்கூடும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குக் களைத்துப்போவது என்று பொருள். அப்போதும் பதறாமல், 'ஓய்ந்துபோய்விட்டேன்' என்று எழுதுங்கள்.