சர்ஃபேஸ் கிளீனருக்கு எந்த நாசில்?

கேள்வி: ஐயா, அபார்ட்மென்ட் பார்க்கிங், பேவர் பிளாக் தரைகளைக் கழுவும் வேலை எடுத்துச் செய்கிறேன். என் பிரஷர் வாஷர் மெஷின் 200 பார், நிமிடத்துக்கு 15 லிட்டர், ஏழரை எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார். கன்னில் 25045 நாசில் போட்டு அடித்தால் பாசி அப்படியே உரிந்து வருகிறது. புதிதாக 20 இஞ்ச் சர்ஃபேஸ் கிளீனர் (மூடிக்குள் நாசில் மாட்டிய கை சுற்றித் தரையைக் கழுவும் கருவி) வாங்கி, அதிலும் அதே 25045 நாசில் இரண்டு மாட்டினேன். மெதுவாகச் சுற்றுகிறது, தரையில் வட்டம் வட்டமாகக் கோடு விழுகிறது. கேஜ் 50 பாரைத் தாண்டவே இல்லை. அன்லோடரை (பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு) முறுக்கிப் பார்த்தும் ஏறவில்லை. பம்ப் போய்விட்டதா?
– வாசகர், ஓசூர்

பதில்: பம்பைக் கழற்ற வேண்டாம் தம்பி, அது நன்றாகத்தான் இருக்கிறது. அவசரமாகச் செய்ய வேண்டியது, முறுக்கிய அன்லோடரைத் தளர்த்துவது. பெரிய நாசில் இருக்கும்போது அதை எவ்வளவு முறுக்கினாலும் பிரஷர் ஏறாது. ஆனால் அப்படியே விட்டுவிட்டு நாளை கன்னை மாட்டினால், ட்ரிகரை விடும் ஒவ்வொரு முறையும் பிரஷர் எகிறி ஹோஸையும் சீலையும் பதம் பார்க்கும். ஹோஸ் வெடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. முழுக்கத் தளர்த்துங்கள். கன்னில் 25045 போட்டு ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கேஜ் 200-ஐத் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள்.

இப்போது நாசிலுக்கு வருவோம். பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் எவ்வளவு சிறிய ஓட்டை வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரஷர். 25045 என்பதில் 25 விசிறியின் கோணம், 045 என்பது 4.5 அளவு. இரண்டு மாட்டியதும் மொத்தம் 9 ஆகிவிட்டது. ஓட்டை இரண்டு மடங்கானால் பிரஷர் பாதியாகாது, நான்கில் ஒரு பங்காகிவிடும். உங்கள் கேஜ் காட்டிய 50 இதுதான். சுற்றும் கைக்கும் தண்ணீரின் உதைப்பைத் தவிர வேறு விசை இல்லை. அதனால்தான் அது மெதுவாகச் சுற்றிக் கோடு போடுகிறது.

கணக்கை நீங்களே போடலாம். லிட்டரை 4.4-ஆல் பெருக்கி, பாரின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 15 பெருக்கல் 4.4 என்றால் 66. 200-இன் வர்க்கமூலம் 14.1. விடை 4.7. இது எல்லா நாசிலுக்கும் சேர்த்து. சுற்றும் கையில் இரண்டு நாசில் என்றால் ஆளுக்கு 2.3, மூன்று என்றால் மூன்றால் வகுக்க வேண்டும்.

கடையில் 2.0, 2.5 சுலபமாகக் கிடைக்கும். நான் உங்களுக்குச் சொல்வது 25025 இரண்டு. பிரஷர் 170 பார் அளவில் நிற்கும், பார்க்கிங் தரைக்குத் தாராளம். பேவர் பிளாக்கில் 200 பார் அடித்தால் இடுக்கு மணல் கிளம்பிவிடும், அங்கே இன்னும் குறைத்தாலும் நல்லதே. ‘சின்னது போட்டால் வேகம் கூடும்’ என்று கடையில் 2502-ஐ, அதாவது 2.0 அளவைத் தந்தால் வாங்காதீர்கள். 15 லிட்டரும் அதன் வழியாகப் போக 270 பார் வேண்டும், பம்ப் அதற்கு இல்லை. அன்லோடர் திறந்து, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வரை வேலைக்கு வராமல் உள்ளேயே சுற்றும்.

இதெல்லாம் 15 லிட்டர் உண்மையாகவே வந்தால்தான். கன் நாசிலைக் கழற்றிவிட்டு 20 லிட்டர் கேனில் பிடித்துப் பாருங்கள், 80 நொடியில் நிறைய வேண்டும். இரண்டு நிமிடம் ஆனால் நாசிலை விட்டுவிட்டு, தொட்டியிலிருந்து வரும் பைப்பையும் ஃபில்டரையும் கவனியுங்கள். அபார்ட்மென்ட்டில் அரை இஞ்ச் தோட்டக் குழாயில் மெஷினுக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் நிறையப் பேர்.

போர் தண்ணீர் என்றால் உப்பு படிந்து ஒரு நாசில் மட்டும் அடைக்கும், கை ஒரு பக்கம் உதறும். மெல்லிய கம்பியால் எதிர்ப்பக்கமிருந்து குத்தி எடுங்கள். தேய்ந்து மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள்.