கப்பல் மாதிரி செய்வது தனியாக உட்கார்ந்து செய்யும் பொழுதுபோக்கா? ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ஏற்றதா?

கேட்டவர் பெங்களூரிலோ சென்னையிலோ வேலையில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பா ஊரில், டிவி முன்னால். போனில் "எதையாவது செஞ்சுக்கிட்டு இருங்கப்பா" என்று சொல்லிப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் ஏதோ ஒரு வீடியோவில் வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் பாய்மரக் கப்பல் செய்வதைப் பார்த்ததும் இந்த யோசனை வந்திருக்கும். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். என் மகனுக்கு அப்படித்தான் வந்தது.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆமாம், பெண்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் இருக்கும் கப்பலைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன பொறுமை சார் உங்களுக்கு!" என்கிறார்கள். அவரும் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். ஊசியில் நூல் கோக்க வராது அந்த மனிதருக்கு.

உங்கள் கேள்வியில் எனக்குச் சுருக்கென்று பட்டது "தனியாக உட்கார்ந்து" என்பதுதான். வயசானவர்களை ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார வைக்க ஒரு சாமான் வேண்டும் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. அந்த எண்ணத்தில் வாங்கித் தருவதாக இருந்தால் வேண்டாம், பெட்டி பிரிக்காமல் பரண்மேல் போய்விடும்.

முதலில் மகன் அனுப்பிய, பாகங்கள் அடங்கிய பெட்டியில் ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்று செய்தேன். கை கொஞ்சம் பழகிய பிறகு வரைபடம் வாங்கி, மூன்று பாய்மரம் கொண்ட டிரிங்கோமலி போர்க்கப்பலில் இறங்கினேன். திருகோணமலையின் பேரை வைத்த பிரிட்டிஷ் கப்பல். நெப்போலியனோடு நடந்த சண்டையில் அவர்களுக்கு ஓக் மரம் தட்டுப்பாடாகிவிட்டது. பம்பாயில் வாடியா குடும்பத்தாரை வைத்து மலபார் தேக்கில் கட்டச் சொன்னார்கள். 1817-இல் கடலில் இறக்கினார்கள், இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் முதல் வரைபடம் பம்பாய்க்கு வந்துசேரவே இல்லை. எடுத்துவந்த ஜாவா என்ற கப்பலை 1812-இல் பிரேசில் கரைப்பக்கம் அமெரிக்கர்கள் அடித்துவிட்டார்கள். என் கூரியர் பார்சல் எங்கேயோ சுற்றிக்கொண்டு இருந்தபோது இந்தக் கதைதான் ஆறுதல்.

எங்கள் தெருவில் யாரும் டிரிங்கோமலி என்று சொல்வதில்லை. "வ.உ.சி. கப்பலாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். 1906-இல் அவர் தொடங்கிய கம்பெனி ஓட்டிய கேலியாவும் லாவோவும் நீராவிக் கப்பல்கள், இது அதற்கு முந்தின காலத்துப் பாய்மரக் கப்பல் என்று விளக்கி ஓய்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் "ஆமா" என்று விட்டுவிடுகிறேன்.

உடற்பகுதி தனியாள் வேலைதான், அதை மறுக்கவில்லை. 1-க்கு 96 என்ற அளவில் நிஜக் கப்பலின் ஒரு அடி நம் கையில் எட்டில் ஒரு அங்குலம். ஒட்டுப்பலகையில் வெட்டிய விலா எலும்புகளை அடிக்கட்டையில் நிறுத்தி, மேலே மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். வெந்நீரில் ஊறவைத்தால்தான் முன்பக்க வளைவுக்கு வளையும். இந்தப் பக்கம் ஒன்று ஒட்டினால் அந்தப் பக்கமும் ஒன்று ஒட்டிவிட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் கப்பல் முறுக்கிக்கொள்ளும். மரத்துக்குத் தேக்கு வேண்டாம், இத்தனை சின்ன அளவில் அதன் இழை பெரிதாகத் தெரியும். சன்னபட்டணம் பொம்மைக்குப் போடும் வெப்பாலை இழை நெருக்கமான மரம். ஆசாரியிடம் சொல்லி வைத்து அதில்தான் பட்டி இழைத்து வாங்கினேன். காட்டில் போய் வெட்டச் சொல்லவில்லை, கீழே கருத்துப் பகுதியில் யாரும் சட்டம் பேச வர வேண்டாம்.

கயிறு கட்டுகிற கட்டம் வந்ததும் கதை மாறியது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கு ஏணிப்படி போல நூல் கட்ட வேண்டும். படிக்கும் படிக்கும் நடுவே மூன்றரை மில்லிமீட்டர். ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலும் ஒரு முடிச்சு. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டும். கூடத்தில் வெளிச்சம் போதாமல் மேசையைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டேன். சாயந்திரம் அங்கேதான் எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்து கூலிக்குப் பூக்கட்டுவார். குண்டுமல்லியைக் கட்டிக்கொண்டே என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்க குடு கண்ணு" என்று இடுக்கியைத் தள்ளிவைத்துவிட்டு விரலாலேயே ஒரு வரிசை போட்டுக் காட்டினார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். வேகத்தைச் சொல்லவில்லை. இந்த வேலையில் எல்லோரும் மாட்டுகிற இடம் இழுவை. குறுக்கு நூலை ஒரு நூலிழை அதிகமாக இழுத்தாலும் நெடுக்குக் கயிறுகள் உள்ளே குவிந்து இடுப்புச் சிறுத்துவிடும். பின்னால் கோடு போட்ட அட்டை வைத்தும் எனக்கு அது சரியாக வரவில்லை. அக்காவுக்கு வந்தது. மொட்டின் காம்பு அறுபடாமல், உதிராமல் கட்டிக் கட்டி, எந்த அளவு இழுத்தால் போதும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெருக்கோடி தையற்கார பாய் நூல்கண்டு கொடுக்க வந்தவர், தானும் ஒரு வரிசை கட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். அவர் கை மெஷின் கை, இறுக்கிவிட்டார். அக்கா அதைப் பிரித்துப்போட்டு அவரைக் கிண்டல் செய்ய, மறுநாள் பாய் சம்சாரத்தையும் அழைத்து வந்தார். பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி மாறும், பாலியெஸ்டர் போடுங்கள் என்று சொன்னது பாய்தான். பருத்தியே போடுவதென்றால் தேன்மெழுகு தடவினால் பிசிறு அடங்கும்.

அதற்கப்புறம் சாயந்திரம் ஆனால் திண்ணையில் கூட்டம். மாமியார் கதை, சீட்டுப்பணம், மாங்காய் விலை எல்லாம் அங்கேதான். பிள்ளைகளுக்கு ஒரே கேள்வி, எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணையில் விட்டால் மிதக்குமா என்று. எனக்குப் பொறுமை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அலுவலகத்தில் கோப்பைத் தூக்கிப் போட்டுப் பேர் வாங்கியவள். பேச்சுத்துணை இருந்ததால் ஆயிரம் முடிச்சு முடிந்தது.

நிபுணர்கள் வருவார்கள் என்று தெரியும். ஏணிப்படியின் இரண்டு ஓரத்திலும் நிஜக் கப்பலில் வேறு கட்டு, நீங்கள் ஒரே முடிச்சைப் போட்டிருக்கிறீர்கள் என்பார்கள். தெரிந்துதான் போட்டேன். கப்பலில் பாய்த்துணி ஏன் விரிக்கவில்லை என்றால், இந்த அளவில் எந்தத் துணியும் சாக்கு மாதிரித்தான் தெரியும். நான் போட்டிக்கு அனுப்பவில்லை.

அனுப்புவது என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த முதல் படகை மகன் வீட்டுக்குச் சென்னைக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில், மடியில். கண்டக்டர் லக்கேஜ் போடணும் என்று ஒரே சண்டை. கிருஷ்ணகிரி 2004-இல் இருந்து மாவட்டத் தலைநகர், ஆனால் ஊரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது, பஸ்தான் கதி. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ரயில் ஓடியது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், திரும்பப் போடவே இல்லை. தர்மபுரிக்கு மொரப்பூரிலிருந்து வந்த பாதைக்கும் அதே கதி. அதற்காவது 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். எங்களுக்கு? தேர்தலுக்குத் தேர்தல் பேச்சு. இதைக் கேட்க ஆளில்லை, கப்பலைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

சரி. அப்பாவுக்கு வாங்குவதானால் ஒற்றைப் பாய்மரமாக வாங்குங்கள், எடுத்ததும் பீரங்கி வரிசை வேண்டாம். ஃபெவிக்விக் பக்கம் போக விடாதீர்கள், மரத்தில் கறை நிற்கும், ஃபெவிகால் போதும். மேசையை வாசல் பக்கம் போடச் சொல்லுங்கள். நீங்களும் ஊருக்கு வரும்போது போனைத் தூர வைத்துவிட்டு நாலு முடிச்சு போடுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள், தூசியும் பல்லியும் சும்மா விடாது. அளவு எடுக்கும்போது கப்பலின் உடம்பைப் பார்த்து எடுக்கக் கூடாது. பாய்த்துணி கட்டும் குறுக்குமரம் இரண்டு பக்கமும் உடம்பைத் தாண்டி நீண்டிருக்கும், பெட்டியின் அகலம் அதற்குத்தான். கடைக்காரரிடம் இதைச் சொல்லும்போது அப்பாவையே கூட்டிப் போங்கள்.