வெண்டல் ஸ்காட்டின் 202 சுற்றுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க கார் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையில் வெண்டல் ஸ்காட் வரும் பகுதியை இருமுறை வாசித்தேன். 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் பந்தயத்தில் ஜெயித்தது கறுப்பரான ஸ்காட். ஆனால் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டதோ வெள்ளையரான பக் பேக்கர். இதைச் சொல்லிவிட்டு, “எண்ணிக்கைப் பிழைக்கு வாய்ப்பே இல்லை, முழுக்க நிறவெறி” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவன். கையால் எழுதிய பேரேட்டில் தப்பே இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அன்று சுற்றுகளையும் கையால்தானே எண்ணியிருப்பார்கள்? நடந்தது தவறு, பிறகு திருத்திவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னதை ஏன் ஏற்கக் கூடாது?

இன்னொன்று. எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனும் அந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரில் ஓட்டியிருக்கிறாரே, அவருக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆர். எஸ்., கோவை

அன்புள்ள ஆர். எஸ்.,

“வாய்ப்பே இல்லை” என்று நான் எழுதியது தவறு. வாய்ப்பு நிறையவே இருந்தது. அதை எழுதும்போது எனக்கே நேர்ந்த ஒன்றை மறந்துபோனது எப்படி என்று தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் 5,000 மீட்டர் ஓட்டத்துக்குச் சுற்றுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். தடம் 200 மீட்டர், ஆக 25 சுற்று. என் பொறுப்பில் மூன்று பையன்கள். நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போடும் பழைய முறைதான். பத்தாவது சுற்றுக்குள் முதல் பையன் கடைசிப் பையனை எட்டிப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு யார் முன்னால், யார் பின்னால் என்பது கண்ணுக்குத் தெரியாது, தாளில் மட்டுமே தெரியும். நடுவில் பென்சில் முனை ஒடிந்து, நான் வேறு பென்சிலுக்குக் குனிந்தேன். கடைசியில் ஒரு பையன் கையை உயர்த்தியபடி கோட்டைத் தாண்டியபோது என் தாளில் 24 கோடுகள்தான் இருந்தன. “இன்னும் ஒன்று” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினான். பரிசளிப்புக்கு முன் உடற்கல்வி ஆசிரியர் தாள்களை ஒப்பிட்டு, என் தப்பைக் கண்டுபிடித்து, ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார். என் பெயரையும் சேர்த்துத்தான்.

அங்கே மூன்று பையன்கள். ஜாக்சன்வில்லிலோ அரை மைல் மண் தடத்தில் புழுதிக்கு நடுவே கார்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காருக்கும் ஒரு கணக்கர் உண்டு. தன் கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுத வேண்டும். அக்காலத்தில் ஓட்டுநரின் மனைவியோ உறவினரோ இந்த வேலைக்கு உட்காருவது சாதாரணம். தாளில் அரை நிமிட இடைவெளியில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் மட்டும் ஒரு நிமிடம் இடைவெளி விழுந்திருந்தால், அங்கே ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பேரேட்டைப் புரட்டிப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பம் அமெரிக்கப் பந்தயத்தோடு கூடவே பிறந்தது. 1911 மே 30 அன்று நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் ஜெயித்தார் என்பது ஏட்டில் உள்ள முடிவு. நடுவர் மேடைக்கு அருகே நடந்த ஒரு விபத்தில் கணக்கு குழம்பிப்போனதால், உண்மையில் ஜெயித்தவர் ரால்ஃப் மல்ஃபோர்டுதான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1949இல் சார்லட்டில் நடந்த, நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ (மாற்றம் செய்யாத கார்களுக்கான) பந்தயத்தில் கோட்டை முதலில் தாண்டிய க்ளென் டனவேயை, காரின் பின் ஸ்பிரிங்குகளில் வேலை செய்திருந்தார்கள் என்று தகுதிநீக்கம் செய்துவிட்டு, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். போலீஸுக்குத் தண்ணி காட்டிக் கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில் செய்யும் அதே வேலைதான் அந்த ஸ்பிரிங்கிலும் இருந்தது. 1959 ஜூனில் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ரிச்சர்ட் பெட்டி தன் முதல் வெற்றிக்காக, பந்தயம் முடிந்ததைக் காட்டும் கொடியை வாங்கினார். எதிர்ப்பு வந்து, தாள்களை மறுபடி எண்ணியபோது ஜெயித்தவர் வேறொருவர் என்று தெரிந்தது. எதிர்ப்புக் கொடுத்தவரும் ஜெயித்தவரும் ஒருவரே: ரிச்சர்டின் சொந்த அப்பா லீ பெட்டி. பிள்ளைப் பாசமெல்லாம் வீட்டோடு சரி போலும்.

அதே லீ பெட்டியின் இன்னொரு வழக்கைத்தான் நீங்கள் ஸ்காட்டின் வழக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1959 பிப்ரவரி 22, ஃபுளோரிடாவில் முதல் டேட்டோனா 500 பந்தயம். கடைசிக் கோட்டில் மூன்று கார்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. அவற்றில் ஒன்று ஜோ வெதர்லியின் கார். அது சுற்றுக் கணக்கில் பின்தங்கியிருந்தது, வெற்றியோடு அதற்குச் சம்பந்தமில்லை. மற்ற இரண்டில் ஜானி பீச்சாம்பின் கார்தான் முதல் என்று அறிவித்து, அவரை வெற்றி மேடைக்கும் அனுப்பிவிட்டார்கள். லீ பெட்டி ஏற்கவில்லை. நாஸ்காரின் தலைவர் பில் ஃபிரான்ஸ் புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்தார். 61 மணி நேரம் கழித்து பெட்டிதான் வெற்றியாளர் என்று அறிவித்தார். அந்த மூன்று நாளும் பத்திரிகைகளுக்கு இதுதான் பேச்சு. டேட்டோனாவுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது என்று சொல்வார்கள். நடந்த பிழையும் ஊரறிய நடந்தது, திருத்தமும் ஊரறிய நடந்தது.

இனி ஜாக்சன்வில். ஸ்காட் வெர்ஜீனியாவின் டான்வில் நகரத்துக்காரர். டாக்சி ஓட்டியிருக்கிறார், இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக்காக இருந்திருக்கிறார், சாராயமும் கடத்தியிருக்கிறார். 1952இல் உள்ளூர்ப் பந்தய அமைப்பாளர்கள் கூட்டம் சேர்ப்பதற்காகக் கறுப்பு ஓட்டுநர் ஒருவரைத் தேடினார்கள். அவர்கள் போய் விசாரித்தது போலீஸிடம். விரட்டி விரட்டி அலுத்துப்போயிருந்த போலீஸ் சொன்ன பெயர் ஸ்காட். 1961இல் அவர் நாஸ்காரின் உயர்மட்டப் பிரிவுக்கு வந்தபோது, ஸ்பானர் பிடித்ததும் டயர் மாற்றியதும் அவருடைய பிள்ளைகள். ஜாக்சன்வில்லுக்கு அவர் கொண்டுபோனது மற்றொரு ஓட்டுநரான நெட் ஜாரெட்டிடமிருந்து பழையதாக வாங்கிய செவர்லே. எண் 34.

25 சுற்றுகள் மீதம் இருக்கும்போது, கோளாறோடு ஓடிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரை ஸ்காட் முந்தினார். 200 சுற்றுகளை முடித்துவிட்டுக் கோட்டைத் தாண்டினார். கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினார், அப்போதும் அசையவில்லை. 202 சுற்றுகள் ஓடிய பிறகுதான் அவருடைய கார் நின்றது. கொடி, கோப்பை, கொண்டாட்டம் எல்லாம் பக் பேக்கருக்குப் போயின. அவர் இருமுறை சாம்பியன் ஆனவர். ஸ்காட் எதிர்ப்புக் கொடுத்தார். தாள்களைப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்து, மைதானம் காலியான பிறகு, “ஆமாம், நீதான் ஜெயித்தாய்” என்றார்கள். பேக்கர் அதற்குள் கோப்பையோடு கிளம்பிவிட்டார். 1,000 டாலர் பரிசுப் பணம் ஸ்காட்டுக்கு வந்து சேர்ந்தது, அந்தக் கோப்பை மட்டும் வரவே இல்லை.

வெற்றி மேடையில் ஜெயித்தவருக்கு ஓர் அழகி முத்தம் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவின் தெற்கு மாநிலமான ஃபுளோரிடாவில், வெள்ளையர் கூட்டத்தின் முன்னால், ஒரு கறுப்பருக்கு வெள்ளைப் பெண் முத்தம் கொடுப்பதா? பிரச்சினை அதுதான் என்று ஸ்காட் கடைசிவரை நம்பினார். அதே ஆண்டு ஜூனில் அவருடைய சொந்த ஊரான டான்வில்லிலேயே சம உரிமை கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் தடியாலும் தண்ணீர்ப் பீரங்கியாலும் அடித்து விரட்டியிருந்தது. அவர் வேறு எப்படி நம்பியிருப்பார்?

ஆகவே நீங்கள் கேட்பதுபோல், முதலில் பென்சில்தான் தவறியது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் மறுக்கவும் ஆதாரமில்லை. தணிக்கையாளரான உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிழையை விட்டுவிட்டு, திருத்தப் பதிவைப் பாருங்கள். டேட்டோனாவில் கண் இமைக்கும் நேர வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் படச்சுருளைத் தேடி மூன்று நாள் செலவழித்தார்கள். ஜாக்சன்வில்லில் வித்தியாசம் இரண்டு முழுச் சுற்று, தாளே போதும், அதையும் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு கோப்பையைத் திரும்ப வாங்கி, அடுத்த பந்தயத்தில் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கொடுக்க எது தடுத்தது? நான் கணக்கு எழுதிய பள்ளி மைதானத்தில் அதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆனது. ஸ்காட்டின் குடும்பத்துக்கு நாஸ்கார் ஒரு கோப்பையைச் செய்து கொடுத்தது 2021 ஆகஸ்டில், டேட்டோனாவில். ஸ்காட் 1990லேயே இறந்துவிட்டார். 495 பந்தயங்கள் ஓட்டியவருக்கு இதுவே ஒரே வெற்றி. உயர்மட்டப் பிரிவில் இன்னொரு கறுப்பர் ஜெயிக்க 2021 அக்டோபர்வரை ஆயிற்று; டல்லடேகாவில் பப்பா வாலஸ் ஜெயித்தார்.

நரேன் கார்த்திகேயனை விட்டது என் மறதி. 2010இல் அவர் நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். முதல் பந்தயத்தில் பதின்மூன்றாவதாக வந்தார். அந்த ஆண்டு அப்பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநர் என்ற விருது ரசிகர் வாக்கில் அவருக்குக் கிடைத்தது. கோவைக்காரர்கள் எத்தனை பேர் இரவு விழித்து வாக்களித்தீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த முதல் பந்தயம் நடந்தது வெர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில். ஸ்காட்டின் டான்வில் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

கட்டுரையில் “வாய்ப்பே இல்லை” என்ற வரியை எடுத்துவிட்டு, “எண்ணியதில் பிழை இருந்திருக்கலாம், அறிவித்ததில் இல்லை” என்று மாற்றியிருக்கிறேன். உங்களுக்கு இதுவும் சரியாகப் படவில்லை என்றால் எழுதுங்கள்.