ஸ்லோ பண்ணா ஆஃப் ஆவுற பழைய காடி: கேளுங்க, சொல்றேன்

பழைய காடி வச்சிருக்கிறவங்க பிரச்சனைய எழுதுங்கன்னு கேட்டிருந்தேன், வந்ததுல பாதிக்கு மேல ஒரே நோவுதான். ஓடும்போது நல்லா ஓடுது, சிம்பாங் (ரோட்டுச் சந்தி) கிட்ட வந்து ஸ்லோ பண்ணா எஞ்சின் செத்துப் போவுது. நான் பேராக் மாநிலம் தாப்பா பக்கம் எஸ்டேட் ஒர்க்ஷாப்ல டிராக்டர், செம்பனை லோரி பாத்து கை பழகுனவன், இப்ப வீட்டு முன்னால கூரை போட்டு காடி பாக்குறேன். "காடி ஆஃப் ஆவுது"ன்னு மட்டும் எழுதுனா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. காலையிலயா, சூடானப்புறமா? பிரேக்ல கால் இருந்துச்சா? ஏர்கோன் ஓடிச்சா? ஸ்டியரிங்க ஒடிக்கும்போதா? திரும்ப உடனே ஸ்டார்ட் ஆச்சா? இதெல்லாம் பாத்து எழுதுங்க, எந்த சாமான் கெட்டிருக்குன்னு பாதி அதுலயே தெரிஞ்சிடும்.

கேள்வி (பீடோர்): அண்ணே, என்னோடது பழைய புரோட்டோன் சாகா 1.3, கார்பரேட்டர். காலையில சோக் இழுத்தா நல்லா நிக்குது. சூடானப்புறம் கிளட்ச் மிதிச்சா குலுங்கி செத்துப் போவுது. ஆக்சிலேட்டர்ல லேசா கால் வச்சுகிட்டேதான் ஓட்டுறேன்.

கால் வச்சா நிக்குது, எடுத்தா சாவுதுன்னா மொதல்ல ஐடில் ஜெட்ட சந்தேகப்படு தம்பி. ஐடில்னா ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம எஞ்சின் தானா மெதுவா ஓடுறது. எண்ணெயையும் காத்தையும் கலந்து விடுற கார்பரேட்டர்ல ஐடிலுக்குன்னு தனியா ஒரு பொடி ஓட்டை இருக்கு, டேங்க்குல இருந்து வர்ற துரு, செம்மண் தூசி எல்லாம் மொதல்ல போய் அடைக்கிற இடம் அதுதான். இன்னொண்ணு, கார்பரேட்டர் பக்கத்துல ஒத்த ஒயரோட ஒரு சின்ன சோலினாய்டு நீட்டிகிட்டு இருக்கும் பாரு, சாவி ஆஃப் பண்ணா ஐடிலுக்குப் போற எண்ணெய (பெட்ரோல) அடைக்கிற சாமான் அது. சாவிய ஆன்ல மட்டும் வச்சு அந்த ஒயர கழட்டி திரும்ப தொட வை, "டிக்"னு கேக்கணும், கேக்கலன்னா ஒண்ணு கரண்ட் வரல இல்ல சோலினாய்டு போச்சு. டிக்னு கேட்டா அடுத்தது, எஞ்சின ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி ஐடில்ல விட்டுட்டு அதே ஒயர கழட்டு, எஞ்சின் உடனே சாவணும். சாவாம ஓடிகிட்டே இருந்துச்சுன்னா அர்த்தம் என்ன தெரியுமா, ஐடில் ஓட்டை வேலையே செய்யல, எவனோ ஸ்க்ரூவ முறுக்கி த்ரோட்டில (எஞ்சினுக்கு காத்து போற கதவ) திறந்து வச்சு ஓட்டியிருக்கான், எஞ்சின் வேற வழியில எண்ணெ குடிச்சுகிட்டு நிக்குது. ஜெட்ட கழட்டி கார்ப் கிளீனர் அடிச்சு காத்துல ஊது. கம்பி விட்டு குத்தாத, ஓட்டை பெருசாச்சுன்னா அப்புறம் எந்த ஸ்க்ரூவாலயும் சரி பண்ண முடியாது. எண்ணெ பில்டர்ல செவப்பா தூள் நின்னா டேங்க்கயும் பாரு, இல்லன்னா கொஞ்ச நாள்ல திரும்ப அடைச்சுக்கும்.

கேள்வி (சுங்கை): அங்கிள், புரோட்டோன் வீரா 1.5 மேனுவல். பிரேக் மிதிச்சா மட்டும் செத்துப் போவுது. பிரேக் தொடாம உருட்டிகிட்டு வந்து நின்னா ஒண்ணும் ஆவல.

நல்லா கவனிச்சிருக்க லா தம்பி. பிரேக் பூஸ்டர், இல்ல அதுக்குப் போற ஹோஸ். பூஸ்டர்தான் நம்ம மிதிக்கு பலம் சேக்குது, எஞ்சின் காத்த உறிஞ்சுற இழுப்புல, அதாவது வேக்கும்லதான் அது வேலை செய்யுது, உள்ள இருக்கிற ரப்பர் டயாப்ரம் கிழிஞ்சா நீ மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்து எஞ்சினுக்குள்ள போவும், ஐடில்ல அவ்வளவு காத்த அதால தாங்க முடியாது. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல பல தடவை மிதி, கல்லு மாதிரி ஆவும். கால எடுக்காம அப்படியே ஸ்டார்ட் பண்ணு, பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்கலன்னா, இல்ல கால் கிட்ட "உஸ்"னு சத்தம் வந்தா, பூஸ்டர் பக்கம் கண்டிப்பா பாரு. உறுதி பண்ணிக்க, காடிய நிறுத்தி வச்ச எடத்துலயே எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் ஹோஸ துணி சுத்தி பிளையர்ல நசுக்கி பிடிச்சுகிட்டு ஒருத்தர மிதிக்கச் சொல்லு, இப்ப சாவலன்னா திருடன் பூஸ்டர்தான். ஹோஸ நசுக்கிகிட்டு ரோட்டுல மட்டும் எறங்கிடாத. இத தள்ளிப் போடவும் கூடாது, இது பிரேக் விஷயம்.

கேள்வி (தாப்பா ரோடு): அண்ணே, வாரா வாரம் கேமரன் மலைக்கு சாமான் ஏத்திகிட்டு போறேன், ஈஎஃப்ஐ காடி (கார்பரேட்டர் இல்ல, கம்ப்யூட்டர் எண்ணெ விடுறது). ஏறும்போது ஒரு குறையும் இல்ல. கியர்ல எறங்கி வந்து அடிவாரத்துல கிளட்ச் மிதிச்ச உடனே ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) மீட்டர் முள்ளு நேரா ஜீரோவுக்கு போயிடுது. என் போர்மேன் (மெக்கானிக்) பிளக், காயில், எண்ணெ பம்பு எல்லாம் மாத்திட்டாரு, இப்ப பொத்தோங் கடையில (பழைய சாமான் கடை) இசியு, அதான் எஞ்சின் கம்ப்யூட்டர், பாக்கலாங்கறாரு.

இசியு வேணாம். மொதல்ல பர்ஸ உள்ள வை. பம்பு வீக்குன்னா மலை வழியில ரிங்லெட் ஏறும்போதே காட்டியிருக்கும், லோடோட மூணாவது கியர்ல இழுக்குற நேரத்துலதான் எஞ்சின் எண்ணெ அதிகமா கேக்கும். காயிலும் அப்படித்தான், வீக்கான காயில் ஏத்தத்துலதான் இடிக்கும். ஏறும்போது குறையில்லன்னு நீயே சொல்ற, அப்புறம் எதுக்கு அதெல்லாம் மாத்துனாங்கன்னு எனக்குப் புரியல.

எறக்கத்துல என்ன நடக்குதுன்னா, ஆக்சிலேட்டர்ல கால எடுத்துட்டு கியர்ல உருளும்போது இசியு எண்ணெய சுத்தமா நிறுத்திடும், சக்கரம்தான் எஞ்சின சுத்துது. ஆர்பிஎம் ஒரு அளவுக்கு எறங்குனா எண்ணெய திரும்ப விடும். நீ கிளட்ச மிதிக்கிற, சக்கரத்தோட தொடர்பு அறுந்து முள்ளு சர்ருனு விழுது, அந்த நொடியில ஐடில் காத்து விடுற மோட்டார், ஐஎஸ்சின்னு சொல்லுவாங்க, சில காடில ஐஏசி, அது டக்குனு திறந்து பிடிக்கணும். த்ரோட்டில் பாடி உள்ள தட்ட சுத்தி கரி ஏறி கருப்பா பிசுபிசுன்னு இருந்தா அது பிடிக்கிறதுக்குள்ள எஞ்சின் செத்துடும். அதனால த்ரோட்டில் பாடிய கழட்டி சுத்தம் பண்ணு, ஐஎஸ்சி ஓட்டையையும் பண்ணு, ஆனா மோட்டார கிளீனர்ல ஊற வைக்காத. சுத்தம் பண்ணியும் போவலன்னா டிபிஎஸ்ஸ (த்ரோட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு இசியுவுக்கு சொல்ற சென்சார்) மீட்டர் வச்சு பாக்கச் சொல்லு, கால் எடுத்தாச்சுன்னு இசியுவுக்கு தெரியலன்னா ஐடில பிடிக்கவே வராது. அதுவரைக்கும் நியூட்ரல்ல எறங்கலாம்னு மட்டும் நெனைக்காத, அந்த ரோட்டு வளைவுல பிரேக் சூடாகி போயிடும்.

கேள்வி: ஏர்கோன் போட்டா மட்டும் ட்ராபிக் லைட்ல ஆஃப் ஆவுது, பெரோடுவா கஞ்சில் 850.

சின்ன எஞ்சின், கம்ப்ரசர் கடிச்ச உடனே ஐடில தூக்கி விடணும். கார்பரேட்டர் காடின்னா த்ரோட்டில தள்ளி விடுற ஒரு வேக்கும் டயாப்ரம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஏர்கோன் ஸ்விட்ச போடு, அந்த டயாப்ரம் கம்பி அசையுதா பாரு. அசையலன்னா ஹோஸ் வெடிச்சிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஈஎஃப்ஐன்னா மேல சொன்ன அதே கரி கதை.

கேள்வி (சிலிம் ரிவர்): சார், ஆட்டோ கியர் காடி. டவுனுக்குள்ள சாவாது. ஹைவேல நல்ல ஸ்பீடுல வந்து டோல் கிட்ட நிக்கும்போது ஒரு உதறு உதறி சாவுது.

கிளட்ச் மிதிக்காம மேனுவல் காடிய நிறுத்துனா எப்படி இருக்கும், அதேமாதிரி உதறா? அப்படின்னா எஞ்சின விடுங்க, கியர்பாக்ஸ பாருங்க. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல டார்க் கன்வெர்ட்டர்னு ஒண்ணு இருக்கு, ஹைவே ஸ்பீடுல அது உள்ள ஒரு கிளட்ச் பூட்டிக்கும், ஸ்லோ பண்ணா விடணும். சோலினாய்டு ஒட்டிகிட்டா விடாது. அடுத்த தடவை நிக்கிறதுக்கு முன்ன N-ல போட்டுப் பாருங்க, சாவலன்னா அதுதான். ஏடிஎஃப் (ஆட்டோ கியர் எண்ணெ) கருப்பா, தீய்ஞ்ச வாடையா இருக்கான்னும் பாக்கணும். ஐடில் ஸ்க்ரூ, பிளக் எதையும் தொட வேணாம்.

கேள்வி: பேட்டரி மாத்துன அன்னையில இருந்து ஸ்டால் ஆவுது.

இசியு பழகி வச்ச ஐடில மறந்துடுச்சு. லைட்டு, ஏர்கோன் எல்லாம் ஆஃப்ல வச்சு ஸ்டார்ட் பண்ணி ஃபேன் சுத்துற வரைக்கும் தொடாம விடு, அப்புறம் ஏர்கோன் போட்டு கொஞ்ச நேரம் விடு. அப்பவும் சரியாவலன்னா கரிதான்.

கேள்வி (கெண்டரோங்): வேக்கும் லீக் எங்கன்னு கண்டுபிடிக்க பெட்ரோல் தெளிச்சுப் பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

அவர வீட்டுக்குள்ள விடாத. சூடான எக்சாஸ்டுக்கு மேல பெட்ரோலா? ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி போதும், ஹோஸ் முனை, மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரம் எல்லாம் லேசா அடி, பிளக்குக்கு கரண்ட் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர், ஒயர் பக்கம் மட்டும் வேணாம். எங்க படும்போது எஞ்சின் சத்தம் மாறுதோ அங்க ஓட்டை. இல்லன்னா ஒரு துண்டு ரப்பர் குழாய காதுல வச்சு மறுமுனைய நகத்திப் பாரு, உறிஞ்சுற சத்தம் தெளிவா கேக்கும். நம்ம வெயில்ல பழைய ஹோஸ் எல்லாம் முறுக்கு மாதிரி ஒடையுது, வெளிய நல்லா தெரியும், முனையில கீறல் இருக்கும்.

கேள்வி (ஒரு ஆண்டி): தம்பி, பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திகிட்டு போறேன், பின்னால செம்பனை லோரி வருது, அந்த நேரத்துல செத்துட்டா என்ன பண்றது? அது வரைக்கும் ஐடில ஏத்தி வச்சு ஓட்டலாமா?

ஆண்டி, எஞ்சின் செத்தாலும் பூஸ்டர்ல ஒண்ணு ரெண்டு மிதிக்கு வேக்கும் மிச்சம் இருக்கும், அதனால பிரேக்க விட்டு விட்டு மிதிக்காதீங்க, ஒரே அமுத்தா அமுத்திப் பிடிங்க. ஸ்டியரிங் கனமாவும், ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓரத்துக்கு கொண்டு வாங்க. சாவிய முழுசா பின்னால திருப்பி உருவிடாதீங்க, ஸ்டியரிங் பூட்டிக்கும். டபுள் சிக்னல் போடுங்க, நின்னப்புறம் ஆட்டோன்னா N, மேனுவல்னா கிளட்ச் மிதிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க.

ஐடில கொஞ்சம் ஏத்தி ஒர்க்ஷாப் வரைக்கும் போறதுக்கு ஓகே. அதையே வைத்தியமா வச்சுக்காதீங்க, ஆட்டோ காடின்னா D-ல போட்ட உடனே பாயும், பிரேக்ல இருந்து கால் வழுக்குனா முன்னால போறவன் மேல ஏறிடும். காடி சூடானப்புறம் செத்து, ஆறுன பிறகுதான் ஸ்டார்ட் ஆவுதுன்னா இது ஐடில் கேஸே இல்ல, எஞ்சின் சுத்துறத பாக்குற கிராங்க் சென்சாரோ டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இருக்கிற மாடியூலோ சூட்டுல போவுது, அதோட பிள்ளைங்கள ஏத்தாதீங்க. உங்க காடி எது, எந்த நேரத்துல சாவுதுன்னு எழுதிப் போடுங்க ஆண்டி, ஞாயித்துக்கிழமை கொண்டு வந்தாலும் பாத்துத் தர்றேன்.