ஸ்மால்வில் முதல் சீசன் டிவிடி: கேள்விகளும் பதில்களும்

சூப்பர்மேன் என்ற பெயரும் சிவப்பு மேலங்கியும் வருவதற்கு முன், கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த கிளார்க் கென்ட்டின் கதையைச் சொன்ன அமெரிக்கத் தொடர் ‘ஸ்மால்வில்’. டபிள்யூபி தொலைக்காட்சியில் 2001 அக்டோபர் 16 அன்று தொடங்கிய அத்தொடர் பத்து சீசன்கள் ஓடி, 2011 மே 13 அன்று முடிந்தது. அதன் முதல் சீசனின் டிவிடி பெட்டியைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பெட்டியில் என்னென்ன இருக்கின்றன?

முதல் சீசனின் 21 அத்தியாயங்களும் ஆறு வட்டுகளில் உள்ளன. முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு மட்டும் படைப்பாளிகளின் குரல் விளக்கமும் நீக்கப்பட்ட காட்சிகளும் கிடைக்கின்றன. அவற்றோடு, படமாக்குமுன் காட்சிகளை வரைந்து வைக்கும் சித்திரக் கதைப்பலகைகளும், ஊரைச் சுற்றிக் காட்டும் ஒரு சிறு பகுதியும் உண்டு. கூடுதல் சரக்கு என்று பார்த்தால் இது கைப்பிடி அளவுதான்.

கேள்வி: முதல் சீசன் 2002 மே மாதமே முடிந்துவிட்டது. டிவிடி 2003 செப்டம்பர் 23 வரை காத்திருந்தது ஏன்?

ஒரு தொடரின் முழு சீசனை விலை கொடுத்து வாங்கி வீட்டில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையே அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்தது. வீடியோ கேசட் காலத்தில் 21 அத்தியாயங்கள் என்றால் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் போய்விடும். ஆகவே இரண்டு மூன்று அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்து விற்பதே வழக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் முதல் சீசன் முழுமையாக டிவிடி பெட்டியில் வந்த பிறகே மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் துணிந்து இறங்கின. தேதியையும் கவனியுங்கள். மூன்றாம் சீசனின் ஒளிபரப்பு 2003 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. பெட்டி அதற்கு எட்டு நாள் முன்னதாகக் கடைக்கு வந்தது. பழைய சீசனை வாங்கிப் பார்ப்பவர் புதிய சீசனுக்கும் பார்வையாளராக வருவார் என்ற கணக்கு அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: என் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இந்த வட்டைப் போட்டால் எல்லோருடைய முகமும் நீண்டு தெரிகிறது. வட்டில் பழுதா?

பழுது இல்லை. பெரும்பாலான வீடுகளில் இத்தொடரை 4:3 என்ற சதுரத்துக்கு நெருக்கமான சட்டத்தில் பார்த்தார்கள். டிவிடியில் அது 16:9 அகலத்திரையாக வந்தது. அந்த அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் வட்டில் பதிந்திருக்கிறார்கள். திரும்ப விரித்துக் காட்டுவது கருவியின் வேலை. உங்கள் டிவிடி கருவியின் அமைப்புப் பட்டியலில் திரை வகை 16:9 என்று இருந்தால், குழாய்த் தொலைக்காட்சி நெருக்கிய படத்தை அப்படியே காட்டிவிடும். அதை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று மாற்றுங்கள்; மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், முகங்கள் இயல்புக்குத் திரும்பும். பட்டை உறுத்துகிறது என்று சிலர் பான் ஸ்கேன் முறையைத் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டாம். படத்தின் அகலத்தில் கால் பங்கு வெட்டுப்படும். சோளக் கொல்லையில் சோளக்காட்டுப் பொம்மையைப் போலக் கிளார்க்கைக் கட்டி வைத்திருக்கும் முதல் அத்தியாயக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: அவனுடைய தனிமையைச் சொல்வதே இருபுறமும் பரந்து கிடக்கும் அந்த இருட்டுத்தான்.

கேள்வி: லண்டனிலிருந்து உறவினர் ஒருவர் பிரிட்டிஷ் பதிப்பை வாங்கி வந்தார். ஒவ்வொரு அத்தியாயமும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் குறைவாக ஓடுகிறது. தணிக்கையில் வெட்டியிருப்பார்களா, ஐயா?

இந்த ஐயம் பலருக்கும் வருவதுண்டு. பெரும்பாலும் கத்தரிக்கு இதில் பங்கில்லை. ஃபிலிமில் எடுக்கும் படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும். பிரிட்டனின் பால் (PAL) முறை தொலைக்காட்சியோ நொடிக்கு 25 சட்டங்கள் கேட்கும். அந்த ஒரு சட்டத்தை ஈடுகட்ட, படத்தையே நான்கு விழுக்காடு வேகமாக ஓட விடுவது அந்நாட்டு வட்டுகளில் பரவலான வழக்கம். அப்படி ஓட்டினால் 42 நிமிட அத்தியாயம் 40 நிமிடம் 20 நொடிக்குள் முடிந்துவிடும். ஒரு காட்சிகூடக் குறையாது. ஆனால் தனியாகச் சரிசெய்யாவிட்டால் குரல்களின் சுருதி ஏறக்குறைய அரை சுரம் உயரும். பேச்சில் இது எளிதில் பிடிபடாது. ரெமி ஸீரோ குழுவின் முகப்புப் பாடலை அமெரிக்கப் பதிப்பில் கேட்டுப் பழகியவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இதற்கு ஈடாகப் பால் வட்டில் 576 கோடுகள் உண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி (NTSC) வட்டில் 480தான். படக் கூர்மைக்குப் பால், பாட்டுக்கு என்டிஎஸ்சி என்பது என் கட்சி.

கேள்வி: அமெரிக்க வட்டு இந்தியாவில் ஓடுமா?

டிவிடி விற்பனைக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கா முதல் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம். மண்டலப் பூட்டு உள்ள கருவி அமெரிக்க வட்டை ஏற்காது. எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவிதான் தேவை. கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: டிவிடி இயக்கியின் மண்டலத்தைப் பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்த மண்டலத்திலேயே அது நின்றுவிடும்.

கேள்வி: குரல் விளக்கம் கேட்கத் தகுந்ததா?

முதல் அத்தியாயத்துக்கானது கட்டாயம் கேட்க வேண்டியது. தொடரை உருவாக்கிய ஆல்ஃபிரட் கோ, மைல்ஸ் மில்லர் ஆகியோருடன் அந்த அத்தியாயத்தை இயக்கிய டேவிட் நட்டரும் பேசுகிறார். பறக்கவும் கூடாது, இறுக்கமான உடையும் கூடாது என்ற புகழ்பெற்ற விதியை வைத்துக்கொண்டு இத்தொடரை எழுதியவர்கள் இவர்கள். அந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், காட்சிக்குக் காட்சி அவர்கள் எதைத் தவிர்த்திருக்கிறார்கள் என்பது துலங்கும். கான்சாஸ் என்று நாம் நம்பும் ஊர் உண்மையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. முதல் அத்தியாயத்தின் கடைத்தெருவுக்கு மெரிட் என்ற சிறு நகரம் பயன்பட்டது.

கேள்வி: தொடர்ந்து பார்த்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கிறதே?

இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விண்கல்லின் தாக்கத்தால் விபரீத ஆற்றல் பெற்ற ஒருவர் வருவார், கிளார்க் அவரைத் தடுப்பான், அத்தியாயம் முடியும். வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தவர்களுக்கு உறுத்தாத இந்த வார்ப்பு, ஒரே நாளில் நான்கு அத்தியாயம் பார்க்கிறவரை அலுக்கச் செய்துவிடும்; பெட்டி என்ற வடிவமே இந்த சீசனின் பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கிறது. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்ப்புக்குள்ளேயும் ஆறாம் அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள்: எதிர்காலத்தைக் காணும் மூதாட்டி, பின்னாளில் சூப்பர்மேனின் எதிரியாகப்போகும் லெக்ஸ் லூதரின் கையைப் பற்றும்போது, வெள்ளை உடையில் நிற்கும் அவன்மேல் இரத்த மழை பொழிவதைக் காண்கிறாள். மைக்கேல் ரோசன்பாமின் லெக்ஸ் இந்தத் தொடரின் உண்மையான செல்வம். ஏழாம் அத்தியாயத்தில் அடங்காப் பசியால் அல்லல்படும் மாணவியாக வருபவர், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஏமி ஆடம்ஸ்.

கேள்வி: இப்போது வாங்குபவர் டிவிடி வாங்குவதா, ப்ளூரே வாங்குவதா?

முழுத் தொடரும் வேண்டுமென்றால், இருபதாம் ஆண்டையொட்டி 2021 அக்டோபரில் வந்த ப்ளூரே தொகுப்பே சரியானது. அதுவரை முதல் சீசனை ப்ளூரேயில் வாங்க வழியில்லை. நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது: ஐந்தாம் சீசனை 2006இல் ப்ளூரேவுக்குப் போட்டியாக இருந்த எச்டி டிவிடி வடிவில் வெளியிட்டார்கள், 2008 பிப்ரவரியில் அதை முன்னின்று நடத்திய தோஷிபா நிறுவனம் அந்த வடிவத்தையே கைவிட்டது. அதை ஆசையாக வாங்கியவர்களிடம் வட்டு இருக்கிறது, போட்டுப் பார்க்கக் கருவி கிடைப்பதுதான் கடினம். முதல் சீசன் மட்டும் போதும் என்பவருக்குப் பழைய டிவிடி பெட்டியே தாராளம்.

கேள்வி: பழைய பெட்டியை இரண்டாம் கையாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வட்டின் அடிப்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கீறலைக் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டின் சுற்றை ஒட்டி வளைந்து ஓடும் கீறல்தான் ஆபத்தானது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் படம் அரை நொடி நின்று தொடர்ந்தால் அஞ்ச வேண்டாம். இரண்டு அடுக்கு வட்டில் கருவி ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு மாறும் இடம் அது. ஆறு வட்டுகளையும் எண்ணிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். கடைசி வட்டு இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஊரைச் சூழும் சுழற்காற்றுக்குள் தான் நேசிக்கும் லானாவைத் தேடி கிளார்க் ஓடும் இறுதிக் காட்சி அதில்தான் இருக்கிறது, இரண்டாம் சீசன் அந்தக் காற்றுக்குள்ளிருந்தே தொடங்குகிறது.